டயர்டுக்கும் வீக்குக்கும் நடுவே ஒரு ஸ்டூல்

என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. இதை எழுதும்போதும் ரெண்டு வரிக்கு ஒரு தரம் எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உட்கார்கிறேன். வீட்டுக்காரி கேட்டால் சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று சொல்கிறேன். சர்க்கரை எனக்குக் கிடையாது, அது அவளுக்கும் தெரியும்.

போன வாரம் போடியில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கட்டட வேலைக்கு வந்த ஒரு வடநாட்டு ஆள், டாக்டர் முன்னால் உட்கார்ந்து போனில் தன் பாஷையில் பேசினான். போன் அதைத் தமிழாக்கி, "எனக்குச் சோர்வாக இருக்கிறது" என்று சொன்னது. டாக்டரும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். மருந்து கொடுக்கிற பெண், என் பழைய சோலி என்னவென்று தெரிந்தவள், "பாத்தீங்களா சார், உங்க வேலையை இப்ப போனே பாத்துருது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பஸ்சு ஏற மனசு வரவில்லை. வெயிலோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவன் சொன்னது எந்தச் சோர்வு? உழைத்த சோர்வா, உடம்பு கைவிட்ட சோர்வா? அதை அந்த அறையில் யாரும் கேட்கவில்லையே.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "எழுதிக் கொடுங்க சார், இங்க வேலை பாக்குற புள்ளைக படிக்கட்டும்" என்றாள். அதனால்தான் இது.

நான் சிலமலைக்காரன். பள்ளி இறுதி முடித்து, மருந்து கலக்கப் பழகி, எழுபதுகளின் தொடக்கத்தில் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்ட ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டராகப் போனேன். படித்த கதை அவ்வளவுதான். இங்கிலீஷை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மருந்துப் பெட்டியில் ஒட்டிய காகிதம், ரேடியோ, போடிச் சந்தையில் வாங்கிய அட்டை போன ஒரு அகராதி, இவைதான் என் பள்ளிக்கூடம். அந்த அகராதி என்னை ஏமாற்றிய மாதிரி ஒரு மனிதரும் ஏமாற்றியதில்லை. பெயின் என்றால் வலி, ஹெட்ஏக்கில் வருகிற ஏக் என்றால் வலி, சோர் என்றாலும் வலி என்று போட்டிருந்தது. அப்புறம் எதற்கு வெள்ளைக்காரன் மூணு சொல் வைத்திருக்கிறான்?

அதற்குப் பதில் நான் சேர்ந்து சில வருஷம் கழித்துத்தான் வந்தது. வங்காளத்திலிருந்து ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். ஒல்லியான ஆள். மலைக்குளிருக்கு ஆம்பளைக் கம்பளிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார். தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. நோயாளிகளோ பாதிப்பேர் போடிப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் நான்.

முதல் நாளே எனக்கு ஒரு அடி விழுந்தது. கால் அரிக்கிறது என்று வந்த ஒரு அம்மாவை, கால் "ஸ்கிராச்சிங்" என்று சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, யார் சொறிகிறார்கள், காலா, கையா என்று கேட்டார். அரிப்பது இட்ச். சொறிவது ஸ்கிராச். ஒன்று உடம்பு செய்வது, மற்றது நாம் செய்வது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதைத் திருத்தும்வரை அந்த அம்மாவின் காலைத் தொடவும் இல்லை.

அவர் முறையே தனி. நோயாளி ஸ்டூலில் அவர் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும், என் முகத்தை அல்ல. நான் ஸ்டூலுக்கு இடப்பக்கம், நோயாளியின் தோளுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். நோயாளி பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல் கூடாது. பிறகு "ஹீ சேய்ஸ்" என்று தொடங்கி, சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எனக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்தால்? அதற்கும் இடம் வைத்திருந்தார். நான் ஸ்டூலைச் சுற்றி வலப்பக்கம் வந்து நின்று, "ஐ சே" என்று தொடங்க வேண்டும். ஒரே வாயிலிருந்து ரெண்டு பேர் பேசினால் எது யார் பேச்சு என்று தனக்குத் தெரிய வேண்டும் என்பார். சும்மா நிற்க முடியாத எனக்கு அது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. ஆனால் வலப்பக்கம் போக வேண்டிய நாள் அதிகம் வராது.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் ரெண்டு பேரும் சொற்களை எடுத்துவைத்து மல்லுக்கட்டுவோம். ஏக் என்பது உட்கார்ந்திருக்கிற வலி, பெயின் வந்து போகும், சோர் என்பது தொட்டால்தான் தெரியும் என்று அவர் ஒரு பக்கம் சொல்லுவார். நான் நம்ம ஆட்கள் சொன்னதைக் கொண்டுவந்து கொட்டுவேன். குடைச்சல், கடுப்பு, உளைச்சல், குத்தல், இழுவை, மதமதப்பு. "தலைக்குள்ள ஜீப்பு ஏறுது, இறங்க மாட்டேங்குது" என்று ஒருத்தர் சொன்னார். "நெஞ்சுல ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் ஏலக்காய் எடுக்கிற ஒரு பெண். "முழங்காலுக்குள்ள யாரோ வெத்தலை மெல்லுறாங்க" என்றது இன்னொரு அம்மா. இதையெல்லாம் டாக்டரம்மா அப்படியே இங்கிலீஷில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். வெத்தலை மெல்லும் முழங்காலுக்கு மட்டும் அவரிடமும் சொல் இல்லை.

கிடி என்றால் தலை சுற்றுவது, ஃபெயின்ட் என்றால் கண் இருட்டி விழப்போவது, டிரௌசி என்றால் தூக்கக் கிறக்கம். இவை மூன்றையும் பிரிக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. பிறகுதான் டயர்டும் வீக்கும் வந்தன. எங்கள் மலையாளத்து நர்ஸம்மாவுக்கு எல்லாமே க்ஷீணம்தான், ஒரே சொல்லில் முடித்துவிடுவார். டாக்டரம்மா ஒப்பமாட்டார். டயர்ட் என்றால் வலு இருக்கிறது, உபயோகிக்க மனசும் உடம்பும் இப்போதைக்கு மறுக்கிறது. தூங்கினால் சரியாகும். வீக் என்றால் வலுவே இல்லை. மனசு போ என்றாலும் கை போகாது. தூங்கினாலும் வராது. அப்புறம் ஃபீபிள் என்று ஒன்று உண்டே என்று நான் அகராதியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை நாடித்துடிப்புக்கு வைத்துக்கொள், மனுஷனுக்குச் சொல்லாதே, வலு போனது மட்டுமில்லை, இனித் திரும்பாது என்றும் சொல்லிவிடுகிற சொல் அது என்றார். அந்தச் சொல்லை நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

இனி கருப்பையா.

கருப்பையா பொட்டிபுரத்துக்காரன், என் வயசு. அவன் சம்சாரம் பேச்சியம்மாவுக்கு ராசிங்காபுரம். ஊர்ப்பக்கத்து ஆள் என்பதால் என்னை மாப்ளே என்பான், நானும் அவனை மாப்ளே என்பேன். ஏலச்செடிக்குப் பூச்சி மருந்தடிக்கிற கோஷ்டியில் அவன்தான் முன்னால் நடக்கிற ஆள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் அந்தக் கோஷ்டிக்கு ஒரு மதிப்பு உண்டு, முகத்துக்கு மீசை மாதிரி. முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்க எல்லாராலும் ஆகாது. அவர்களுக்குள் ஒரு வழக்கமும் இருந்தது. டாங்கி ஒழுகிச் சட்டை நனைந்தால் கழற்றக் கூடாது. கழற்றினவன் பயந்தாங்கொள்ளி. நனைந்த சட்டையோடே உட்கார்ந்து, அதே கையால் வெத்தலை போட்டு, சாயங்காலம் வரை அப்படியே இருப்பார்கள். எவனுக்காவது தலை சுற்றினால் அன்றைக்கு அவன்தான் கோஷ்டிக்குப் பொழுதுபோக்கு. அதனால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அசதி.

ஒரு நாள் கருப்பையாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருந்தில் நனைந்த சட்டையைக் கத்தரித்து எறியச் சொன்னார், சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், ஊசி மேல் ஊசியாகப் போட்டார். சாயங்காலம் அவன் கண் திறந்து, "என் சட்டையை எவன்டா கிழிச்சது" என்றான். பிழைத்தான் என்று எல்லாரும் நினைத்தோம்.

இது நடந்து ரெண்டு நாள் போயிருக்கும். காலையில் வார்டு பக்கம் போனேன். பேச்சியம்மா அவனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தம்ளர். இன்னொரு கை அவன் பிடரிக்கு அடியில், கைக்குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. கையை எடுத்தாள், தலை தலையணையில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் அவள் சட்டென்று முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். நானும் பார்க்காத மாதிரி திரும்பிவிட்டேன். ஆனால் அதன்பிறகு என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மருந்தறைக்கும் வார்டுக்கும் சும்மா நடந்துகொண்டே இருந்தேன்.

பத்து மணி வாக்கில் வீட்டுக்கு அனுப்புவதற்காக அவனை ஸ்டூலில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். வாசலில் கோஷ்டி முழுசும் நின்றது. எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி தனியாக வருவதே இல்லை, லயமே கூட வந்து கதவை அடைத்துக்கொண்டு கேட்கும். முன்னால் கோஷ்டிக் கங்காணி வேலுச்சாமி அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு. கருப்பையா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தான். பார்க்கிறவனுக்குத் திமிராகத்தான் தெரியும்.

எப்படி இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டார். நான் இடப்பக்கம் நின்று கேட்டேன்.

"அசதிதான். ஒரு தூக்கம் போட்டா போயிரும்."

"ஹீ சேய்ஸ், டயர்ட்," என்றேன்.

டாக்டரம்மாவுக்கும் திருப்தியில்லை. அவன் இமை பாதி மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டயர்டா, வீக்கா, தெளிவாகக் கேள் என்றார். அதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது என்கிற மாதிரி நானும் கேட்டேன்: அசதியா, இல்ல கைகால்ல வலுவே இல்லையா?

வாசலில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். கருப்பையா சுவரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "வலுவா? வா மாப்ளே, வெளிய வந்து ஒரு கை பாப்போம்." கோஷ்டி மொத்தமும் சிரித்தது.

"ஹீ சேய்ஸ், டயர்ட்."

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அப்போது பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். அவள் கை மட்டும் காலையில் பிடரியைத் தாங்கியிருந்த மாதிரியே குவிந்திருந்தது.

நான் ஸ்டூலைச் சுற்றி வலப்பக்கம் வந்தேன். நாலு எட்டு வைக்கிற தூரம்தான். ஆனால் வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது. வலப்பக்கம் போனால் கம்பவுண்டர் தன் பேச்சைப் பேசுகிறான் என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஐ சே, வீக்," என்றேன். "நெக்."

டாக்டரம்மா எழுந்து வந்தார். அவனை அங்கேயே பெஞ்சில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார். கை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கு என்று நான் சொன்னேன். அவன் முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றியில் வேர்த்தது, தலை அசையவில்லை. டாக்டரம்மா அவன் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, கழுத்துக்கு அப்புறம் மூச்சு என்று மட்டும் சொன்னார். விஷம் போன பிறகு இப்படி ஒரு தளர்ச்சி வரும் என்று அவர் முன்னால் வேலை பார்த்த இடத்தில் கண்டிருக்கிறார். மூச்சு போடுகிற மிஷின் மதுரையில்தான் இருந்தது.

தோட்டத்து ஜீப்பு வந்தது. பின்னால் பலகை போட்டு அவனைக் கிடத்தினோம். தலைமாட்டில் டாக்டரம்மா, மூக்கும் வாயும் சேர்த்து மூடுகிற ரப்பர் மூடியும் அதோடு சேர்ந்த காற்றுப் பையும் அவர் மடியில். தலையைப் பிடித்துக்கொள்ள நான். கால்மாட்டில் பேச்சியம்மா. போடிமெட்டில் பட்டப்பகலிலும் மூடுபனி. டிரைவர் விளக்கைப் போட்டு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு இறங்கினார். பாதி மலையில் கருப்பையாவின் மூச்சு நாய் இளைப்பது மாதிரி மேலோடு மேலாக வந்தது. அப்புறம் அதுவும் குறைந்தது. டாக்டரம்மா மூடியை வைத்துப் பையை அமுக்கத் தொடங்கினார். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம் சரிவோம். பை மட்டும் நிற்காது.

அவன் கண் திறந்தே இருந்தது. எல்லாம் தெரிகிறது, விரல்கூட அசைக்க முடியவில்லை. அந்தக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நன்றியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

சமவெளிக்கு இறங்கினபோது டாக்டரம்மாவின் மணிக்கட்டு நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொள்ளட்டுமா, வீக்காக இருக்கிறதா என்று பதட்டத்தில் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"டயர்ட்," என்றார். "நாட் வீக்."

போடியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிக்கொண்ட பிறகுதான் பையை என் கையில் கொடுத்தார். மாற்றி மாற்றி அமுக்கி மதுரை போய்ச் சேர்த்தோம். மிஷினில் வெகுநாள் இருந்தான். பிழைத்து, தானே நடந்து பஸ்சு ஏறி வந்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

வீக் என்கிற சொல்லை வாசலில் நின்ற கோஷ்டி கேட்டுக்கொண்டு போயிருந்தது. அவன் மதுரையிலிருந்து வருவதற்குள் அது லயமெல்லாம் பரவி, அவன் பேரோடு ஒட்டிக்கொண்டது. வீக்கு கருப்பையா. குழந்தைகளும் அப்படியே கூப்பிட்டன. வேலுச்சாமி அண்ணன் அவனைத் திரும்பக் கோஷ்டியில் சேர்க்கவில்லை. மருந்துப் பக்கம் அவனை விடவே கூடாது என்று டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார், அது வேறு. ஆனால் கங்காணி சொன்ன காரணம், "வீக்கான ஆளை வச்சு நான் என்ன செய்ய" என்பதுதான். காய் உலர்த்துகிற கூடத்தில் தட்டு அடுக்கப் போட்டார்கள்.

ஒரு தரம் ரேஷன் வரிசையில் அவனைப் பார்த்து, மாப்ளே என்றேன். திரும்பினான்.

"நான் சொல்றதைச் சொல்லத்தானே உங்களை வச்சிருக்காங்க, கம்பவுண்டரு?"

மாப்ளே போய்க் கம்பவுண்டரு ஆகிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் நீ செத்திருப்பாய் என்று நான் சொல்லியிருக்கலாம். அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டான். அவன் உயிருக்கு ஒரு சொல், அவன் பேருக்கு ஒரு சொல். டாக்டரம்மாவிடம் சொன்னது சரியான சொல்தான், இன்றைக்கும் அதையே சொல்லுவேன். ஆனால் அது கதவைத் தாண்டிப் போகும் என்பதற்கு எங்கள் மத்தியானப் பாடத்தில் இடம் இல்லை. வருஷக்கணக்காக அவன் என்னைக் கண்டால் ஓரமாகப் போவான். நானும் அவன் வருகிற பாதையில் போகாமல் சுற்றிப் போவேன். நடப்பது எனக்கு அப்படிப் பழகியதுதான்.

எண்பதுகளின் நடுவில், டாக்டரம்மா மாற்றல் கேட்டிருந்த சமயம், ஒரு திங்கட்கிழமை ஸ்டூலில் கருப்பையா உட்கார்ந்திருந்தான். தட்டு கைநழுவி விழுந்து, ஒரு அடுக்குக் காய் தரையில் கொட்டிவிட்டதாம். உலர்த்துகிற கூடத்து ஆட்கள் வாசலில் நின்றார்கள். வேலுச்சாமி அண்ணனும் எதற்கோ வந்தவர், வேடிக்கைக்கு நின்றுவிட்டார். பேச்சியம்மா சுவரோரம்.

நான் இடப்பக்கம், என் இடத்தில். என்ன செய்கிறது என்று டாக்டரம்மா கேட்டார்.

கருப்பையா வாசலுக்குக் கேட்கிற மாதிரி, "அசதி" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலையைத் திருப்பாமலே தணிந்த குரலில் பேசினான். "தம்ளர் நிக்கல மாப்ளே கையில. ரெண்டு மாசமா. நீ அதைச் சொல்லு. ஆனா அந்தப் பக்கம் போயிராதே. இங்கன நின்னே சொல்லு."

எத்தனையோ வருஷம் கழித்து மாப்ளே. என் கால் ஸ்டூலைச் சுற்றக் கிளம்பியிருந்தது, அதைப் பிடித்து நிறுத்தினேன். இங்கே நின்று சொன்னால் அது அவன் பேச்சு. ஆனால் வீக் என்று சொல்ல முடியாது, அந்தச் சொல் இப்போது வாசலில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். உள்ளே எடுத்துவைத்த சொல் ஞாபகம் வந்தது.

"ஹீ சேய்ஸ், டயர்ட்," என்றேன். ஒரு மூச்சு விட்டு, "ஹீ சேய்ஸ், ஹிஸ் ஹேண்ட்ஸ் ஆர் ஃபீபிள்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. மனுஷனுக்குச் சொல்லாதே என்று அவரே சொல்லிக்கொடுத்த சொல். முதலில் என் காலைப் பார்த்தார், எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று. "ஹீ சேய்ஸ்?" என்றார்.

"ஹீ சேய்ஸ், மேடம்."

அவர் கருப்பையாவைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். கையிலிருந்த தன் பேனாவை அவன் விரல்களுக்குள் வைத்து, வேடிக்கை மாதிரி இழுத்தார். அது தன்பாட்டுக்கு வந்துவிட்டது. மறுபடி வைத்து, இந்தத் தரம் இழுக்காமல் அவன் கையை மூடித் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை இவனை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும், நீயும் வருகிறாய் என்று எனக்கு இங்கிலீஷில் சொன்னார், வானிலையைச் சொல்கிற குரலில்.

வேலுச்சாமி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா என்னதான் சொல்லுறாங்க?" என்று வாசலிலிருந்து கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வந்த நாள்முதல் அந்த அறையில் அவர் வாசலோடு தமிழில் பேசி யாரும் கேட்டதில்லை. வேலுச்சாமி அண்ணனை நேராகப் பார்த்தார்.

"அசதி," என்றார்.

அசதியாம் என்றார் அண்ணன், பின்னால் நின்றவரிடம். அசதியாம் என்றார் அவர், அவருக்குப் பின்னால் நின்றவரிடம். அது அப்படியே வராந்தாவோடு போய், படியிறங்கி, ஜீப்பு நின்ற இடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கருப்பையா ஸ்டூலைவிட்டு எழவில்லை. கை இன்னும் டாக்டரம்மாவின் கைக்குள்தான் இருந்தது.

நான் இடப்பக்கமே நின்றேன், அசையாமல்.